ஹொரென்டஸ் (horrendous): கோயில் திருவிழாவுக்கு இந்தச் சொல் பொருந்துமா?

வாவிக்கரை டீச்சர்

பத்தாம் ஆண்டுக்கு ஆங்கிலம் படிப்பிக்கிறேன். அம்பாறைக் கரையோரப் பள்ளிக்கூடம், ஊர்ப்பெயர் வேண்டாம். போன கிழமை 'எங்கள் ஊர்த் திருவிழா' என்று கட்டுரை எழுதச் சொன்னேன். ஒரு பையன் கண்ணகை அம்மன் குளிர்த்தியைப் பற்றி எழுதியிருந்தான். நல்லாத்தான் எழுதினான். கதவு திறந்தது, இரவிரவாகக் கண்ணகியின் கதையான வழக்குரை படித்தது, உடுக்குச் சத்தம், வேப்பிலை, எல்லாம் ஒழுங்காக வந்தது. கடைசி வரியில் மட்டும் 'திருவிழா மிகவும் ஹொரென்டஸாக இருந்தது' என்று முடித்துவிட்டான்.

சிவப்புப் பேனையால் வெட்டினேன். அடுத்த நாள் அகராதியைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறான். அந்தச் சொல்லுக்கு நேரே 'மயிர்க்கூச்செறியச் செய்கிற' என்று போட்டிருக்கிறது. "எனக்குக் கூச்செறிஞ்சதுதானே டீச்சர். அம்மம்மாக்கும் கூச்செறிஞ்ச, அவ அழுதவ. பிறகென்ன பிழை?" என்கிறான். வகுப்பு முழுக்க முதல் பாதிச் சொல்லைக் கேட்டே சிரிப்பு.

விபத்து, கொலை, படுமோசமான சாப்பாடு, இதுகளுக்குத்தான் அந்தச் சொல்லைப் போடுவது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஆனால் மனது ஆறவில்லை. அகராதி பொய் சொல்லவில்லை, பிள்ளையும் பொய் சொல்லவில்லை. அப்போ எங்கே பிழைத்தது? வேர் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கல்லடிக்காத்து

டீச்சர், எங்கட பக்கத்துத் திருவிழாவுல கட்டுற ஒலிபெருக்கிக்கு அந்தச் சொல் அப்படியே பொருந்தும். பொடியனுக்கு மார்க்ஸ் போடுங்க.

புளியந்தீவான்

டீச்சர், அகராதி எழுதினவர் ஆங்கிலச் சொல்லுக்குப் பொருள் எழுதவில்லை. அதற்குள் கிடக்கும் லத்தீனை மொழிபெயர்த்துவிட்டார்.

நான் சின்ன வயதில் புளியந்தீவு மரியன்னை பேராலயத்தில் பூசைக்கு உதவி செய்தவன். அப்போது பூசை லத்தீனில். பிறகு சில காலம் குருமடத்தில் இருந்து அந்தப் பாஷையைக் கொஞ்சம் முறையாகவும் படித்தேன். குருவாக வரவில்லை, லத்தீன் மட்டும் என்னோடு வந்துவிட்டது.

வேர்ச்சொல் 'ஹொர்ரேரே'. பயப்படுவது என்பது அதன் முதற்பொருள் அல்ல. குத்திட்டு நிற்பது, சிலிர்த்து நிற்பது. முள்ளம்பன்றி முள்ளை விரிக்குமே, பூனை நாயைக் கண்டு வாலைப் பருக்க வைக்குமே, அதுதான் ஹொர்ரேரே. பயத்தில் மனிதனுக்கும் மயிர் நிற்கிறது என்பதால் பயம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது.

இந்த ஒரு வினையிலிருந்து லத்தீன்காரர் நாலு பெயரடை செய்தார்கள். நாலும் ஆங்கிலத்துக்குள் போய்ச் சேர்ந்து இன்றைக்கு ஏறக்குறைய ஒரே கருத்தில் கிடக்கின்றன. ஆனால் பிறந்தபோது நாலும் நாலு வேலை செய்தவை. 'ஹொர்ரிதுஸ்' என்றால் தானே சிலிர்த்து நிற்பது: வாராத தாடி, முட்காடு. ஆங்கிலத்துக்கு ஹொரிட் என்று வந்தபோதும் முதலில் அந்தக் கரடுமுரடுப் பொருள் இருந்தது. 'ஹொர்ரிபிலிஸ்' சிலிர்க்க வைக்கக்கூடியது, பிரெஞ்சு வழியாக ஹொரிபிள் ஆனது. 'ஹொர்ரிஃபிகுஸ்' சிலிர்ப்பை உண்டாக்குவது. எங்கட 'பயங்கரம்' வடமொழியில் 'பயத்தைச் செய்வது' என்று பிரியும், அதே தையல்தான்.

நாலாவதுதான் உங்கள் மாணவனுடையது: 'ஹொர்ரெந்துஸ்'. இந்த '-எந்துஸ்', '-அந்துஸ்' ஈறு லத்தீனில் ஒரு தனி உருப்படி. 'செய்யத்தக்க', 'செய்தற்குரிய' என்று தமிழில் வருகிறதே, அதற்குச் சமம். கூட்டத்துக்கு அஜெண்டா போடுகிறோம், 'செய்யவேண்டியவை'. மெமோரண்டம், 'நினைவில் வைக்கவேண்டியது'. பாதிரியாருக்குப் போடும் ரெவரெண்ட், 'வணங்கத்தக்கவர்'. அந்தக் கணக்கில் ஹொர்ரெந்துஸ் என்றால் 'கண்டவுடன் மெய் சிலிர்க்கத்தக்கது'. ஆங்கிலம் இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டது 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில். ஆகவே பையன் அகராதியைச் சரியாகத்தான் வாசித்திருக்கிறான்.

வட்டைக்காரன்

புளியந்தீவு ஐயா, முள்ளம்பன்றி சரி. வேளாண்மைக்கும் அந்தச் சொல்லப் பாவிப்பாங்களா? நான் சம்மாந்துறை. கதிர் முத்தி வாற நேரம் வட்டைய ஒருக்காப் பாருங்க, காத்தடிச்சா முழு வட்டையும் சிலிர்த்துக்கிட்டு நிக்கும். சூடடிக்கிற நாள்ல அந்தச் சுணை மேலெல்லாம் ஒட்டி ராவெல்லாம் சொறிச்சல். முள்ளெண்டா அதுவும் முள்ளுத்தான்.

புளியந்தீவான்

வட்டைக்காரன் காக்கா, கையைக் குடுங்க. இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னம் வெர்ஜில் என்ற ரோமப் புலவர் கமத்தொழிலைப் பற்றி ஒரு காவியம் பாடினார். அதில் கதிர் முற்றிய வயலுக்கு இதே வினையைத்தான் போட்டிருக்கிறார். அவருடைய மற்றக் காவியத்தில் போர்க்களம் ஈட்டிகளால் 'ஹொர்ரெத்', அதாவது வயலில் பயிர் நிற்பதுபோல ஈட்டி குத்திட்டு நிற்கிறது. இன்னொன்று. வாற்கோதுமைக்கு லத்தீனில் 'ஹொர்தேயும்'. நீளமான முள்மயிர் உள்ள தானியம். அதையும் இந்த வேரோடுதான் சொல்லாராய்ச்சிக்காரர் பலர் சேர்க்கிறார்கள்.

உலகத்தமிழ்வேர்

இவ்வளவு சுற்றத் தேவையில்லை. தொல்காப்பியம் உரியியலில் பேம், நாம், உரும் மூன்றும் அச்சப்பொருள் என்று இருக்கிறது. உரும் > ஹுரும் > ஹொரர். தமிழிலிருந்து கடல் வழியாகப் போன சொல். இதை மறைப்பவர்கள் யார் என்று எல்லோருக்கும் தெரியும்.

புளியந்தீவான்

தம்பி, தொல்காப்பியத்தில் உரும் இருப்பது உண்மை. மிச்சம் நீங்கள் சேர்த்தது.

சத்தம் ஒத்துப்போவது சாட்சியாகாது. மாற்றம் ஒழுங்காக, திரும்பத் திரும்ப நடக்க வேண்டும். ஹொர்ரேரேயில் இரட்டை ரகரம் இருக்கிறது. பழைய காலத்தில் அது 'ர்ஸ்'. லத்தீனில் நடுவே வந்த 'ர்ஸ்' தேய்ந்து 'ர்ர்' ஆகிவிட்டது. இதற்கு ஜோடி உண்டு: வறட்டுவது 'தொர்ரேரே', ஆங்கில டொரிட் அதிலிருந்து. சமஸ்கிருதம் அந்த ஊதொலியை, அதாவது ஸ, ஷ போன்ற சத்தத்தை, வைத்திருந்தது, தாகத்துக்கு 'த்ருஷ்ணா'. ஆங்கிலத் தேர்ஸ்டிலும் அது உயிரோடு இருக்கிறது. அதே கணக்கில் ஹொர்ரேரேக்குச் சமஸ்கிருதச் சகோதரம் 'ஹ்ருஷ்'. அதில் பிறந்த பெயர்ச்சொல் எல்லோருக்கும் தெரிந்தது.

ஹர்ஷம்.

வாவிக்கரை டீச்சர்

ஹர்ஷம் என்றால் சந்தோஷம் அல்லவா!

புளியந்தீவான்

ஓம். ஒரே வேர். இந்தியாவுக்கு வந்த கிளையில் மகிழ்ச்சி, இத்தாலிக்குப் போன கிளையில் பயங்கரம்.

உலகத்தமிழ்வேர்

ஆரியப் பாஷைகளை ஒன்றோடொன்று ஒட்டிக் காட்டுவது பெரிய வேலையா? ஆதாரம் இருந்தால் ஊதொலி இல்லாமல் காட்டுங்கள்.

கல்லடிக்காத்து

மச்சான், ஊதொலிதான் ஆதாரமே.

வடமோடி

இரவு வாசித்துவிட்டு நித்திரையில்லை. நான் அண்ணாவியார் வீட்டுப் பிள்ளை, பாரதக் கூத்துகளோடு வளர்ந்தவன். ஹர்ஷம் என்றதும் கீதை ஞாபகம் வந்தது. முதல் அத்தியாயத்தில் அருச்சுனன் இரண்டு படைக்கும் நடுவில் நின்று தன் உடம்பில் 'ரோமஹர்ஷம்' உண்டாகிறது என்கிறான். வாய் உலருகிறது, காண்டீபம் கைநழுவுகிறது. அங்கே அது கலக்கம், நடுக்கம். கடைசி அத்தியாயத்தில் சஞ்சயன், இந்த உரையாடலைக் கேட்டேன், அற்புதம், 'ரோமஹர்ஷணம்' என்கிறான். அங்கே அது ஆனந்தம். ஒரே நூல், ஒரே மயிர்.

திருவாசகத்திலும் 'மெய்தான் அரும்பி விதிர்விதிர்த்து' என்று வருகிறது. செடி அரும்புவதுபோல உடம்பு அரும்புகிறதாம். அதற்குப் பக்கத்தில் 'விதிர்விதிர்த்து', அது நடுக்கம். மாணிக்கவாசகர் இரண்டையும் பிரிக்கவே இல்லை.

மட்டுறுத்துனர்

இந்த இழையில் ஒரு குறிப்பிட்ட சொல்லைப் பற்றி மூன்று முறைப்பாடு வந்துள்ளது. சொல் அகராதிப் பொருளிலேயே பாவிக்கப்பட்டுள்ளதால் நீக்கவில்லை. தலையில் இருப்பதைத்தான் சொல்கிறார்கள்.

பழைய அப்போதிக்கரி

ஓய்வு பெற்று வீட்டில் இருக்கும் அப்போதிக்கரி நான். வைத்தியப் பக்கத்தையும் ஒருவர் சொல்லத்தானே வேண்டும்.

ஏறக்குறைய ஒவ்வொரு மயிரின் அடியிலும் ஒரு நுண்ணிய தசை உண்டு. அது சுருங்கினால் மயிர் நிமிரும், தோலில் புள்ளி புள்ளியாக மேடு எழும்பும். அந்தத் தசை எங்கள் சொற்கேட்டு நடப்பதில்லை. கையைத் தூக்கு என்றால் தூக்கலாம், சிலிர் என்றால் பெரும்பாலானோருக்கு முடியாது. பரிவு நரம்புத்தொகுதியின் ஆட்சி அது. குளிருக்கும் அதே தசை, பயத்துக்கும் அதே தசை, நல்ல பாட்டைக் கேட்டாலும் அதே தசை. உரோமம் அடர்ந்த மிருகத்துக்கு இதில் பயன் உண்டு: குளிரில் காற்றைப் பிடித்து வைக்கும், எதிரிக்கு உடம்பைப் பெரிதாகக் காட்டும். எங்களுக்கு உரோமம் போய்விட்டது, தசை மட்டும் மிஞ்சிக் கிடக்கிறது.

அந்த லத்தீன் சொல்லுக்கு வைத்தியத்திலும் இடம் இருந்தது. கெல்சுஸ் என்ற ரோமர் காய்ச்சலை எழுதும்போது, கைகால் நுனி சில்லிடுவது ஒன்று, முழு உடம்பும் நடுங்குவது இன்னொன்று என்று பிரித்து, இரண்டாவதற்கு 'ஹொர்ரோர்' என்று பெயர் வைத்தார். பேயும் இல்லை, பிசாசும் இல்லை. குளிர்காய்ச்சல்! மலேரியா வார்ட்டில் நான் பார்த்தது முழுக்க அதுதான், கட்டிலே கிடுகிடுக்கும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 1978 நவம்பர் 23 சூறாவளி இரவு எனக்கு நல்ல ஞாபகம். விடிந்து பார்த்தால் தென்னைக்குத் தலை இல்லை. யாரும் 'பயங்கரம்' என்று சொன்னதாக ஞாபகம் இல்லை. 'அகோரம், அகோரம்' என்றுதான் கிழவிகள் சொன்னார்கள்.

வடமோடி

ஐயா, 'அகோரம்' என்ற சொல்லே ஒரு விளையாட்டு. வடமொழியில் கோரம் என்றால் பயங்கரம், முன்னால் 'அ' போட்டால் 'பயங்கரமல்லாதது'. சிவனுடைய ஐந்து முகங்களில் ஒன்றுக்கு அகோரம் என்று பெயர். அதுவோ உக்கிரமான முகம். உக்கிரத்தைப் பார்த்து 'நீ உக்கிரமில்லை' என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். எங்கட சனம் பெயரை விட்டுவிட்டு முகத்தைப் பார்த்துப் பொருள் எடுத்துக்கொண்டது. இப்ப சித்திரை வெயிலும் அகோரம், பல்லுக்குத்தும் அகோரம்.

கல்லடிக்காத்து

பயங்கரமும் அப்படித்தானே. கொத்து ரொட்டி பயங்கர ருசி, பொடியன் பயங்கரக் கெட்டிக்காரன். எங்கட வீட்டுல அம்மப்பாவுக்கு மட்டும் இது பிடிக்காது. 1979க்குப் பிறகு அந்தச் சொல் பயங்கரவாதத் தடைச் சட்டத்துக்குள்ள போயிட்டுது, அதச் சொல்லித்தான் ஆக்களப் பிடிச்சவங்க, நீ அதப் போய் ரொட்டிக்குச் சொல்லுற எண்டு ஏசுவார்.

புளியந்தீவான்

ஏசட்டும், அவருக்கு உரிமை இருக்கு.

ஆங்கிலத்திலும் இந்த வழுக்கல் நடந்தது. ஹொரென்டஸுக்கு ஒரு கூடப்பிறந்தவன், ட்ரெமென்டஸ். அதே '-எந்துஸ்' ஈறு, 'நடுங்கத்தக்க'. இறந்தவர்களுக்கான பூசையில் ஒரு நீண்ட பாட்டு வரும், நடுத்தீர்வை நாளைப் பற்றி. அதில் 'ரெக்ஸ் த்ரெமெந்தே மயெஸ்தாத்திஸ்' என்ற அடி வரும்போது பெரியவர்கள் குனிந்து நிற்பார்கள். 'கண்டு நடுங்கத்தக்க மாட்சிமையுள்ள அரசரே.' இன்றைக்கு கிரிக்கெட் வர்ணனையாளர் ஒரு சிக்ஸருக்கு ட்ரெமென்டஸ் என்கிறார். ஒருவரும் நடுங்குவதில்லை.

ஆக ஒரே ஈற்றோடு வந்த அண்ணன் தம்பியில் ஒருவன் உயர்ந்துவிட்டான், மற்றவன் தாழ்ந்துவிட்டான். ஏன் இவன், ஏன் அவன் என்றால் விதி ஒன்றும் இல்லை, சனம் எதற்குப் பாவித்ததோ அதுதான்.

வட்டைக்காரன்

எங்கட பக்கத்தையும் ஒண்டு சொல்லிர்றன். குர்ஆன்ல ஸூரா அஸ்-ஸுமர், 23வது வசனம். அல்லாஹ்வுக்குப் பயப்படுறவங்கட தோல் அந்த வேதத்தைக் கேட்டுச் சிலிர்க்கும், மறுகா அவங்கட தோலும் உள்ளமும் இளகும் எண்டு வருது. சின்னப் புள்ளையில ஓதிப் படிச்சது, இப்பதான் யோசிக்கிறன். பயமும் அதுக்குள்ள இரிக்கி, இளக்கமும் இரிக்கி. முதல்ல சிலிர்ப்பு, மறுகா இளக்கம். டீச்சர்ட பொடியன்ட அம்மம்மா அழுத எண்டாங்களே, அது அந்த ரெண்டாவது.

வாவிக்கரை டீச்சர்

காக்கா, இதை நாளைக்கு வகுப்பில் சொல்லலாமா? என்னிடம் முஸ்லிம் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

வட்டைக்காரன்

தாராளமாச் சொல்லுங்க. மௌலவிக்கிட்டயும் ஒருக்காக் கேட்டிட்டுச் சொன்னா இன்னும் நல்லம்.

வடமோடி

காரைதீவுக்காரர் ஒருவரை இன்னும் யாரும் இழுக்கவில்லையே. விபுலானந்த அடிகள் 1926இல் மதங்க சூளாமணி எழுதி, சேக்ஸ்பியர் நாடகங்களைத் தமிழ் நாடகச் சுவைகளை வைத்துப் பார்த்தார். அந்தக் கண்ணோடு மக்பெத்தைப் படித்தால், அரசனைக் கொல்லும் நினைப்பு முதன்முதல் தலைக்குள் வரும் இடத்தில் மக்பெத் தானே சொல்கிறான்: அந்த 'ஹொரிட்' காட்சி என் மயிரை நிலைகுலைய வைக்கிறது, நெஞ்சு விலாவில் முட்டுகிறது என்று. சேக்ஸ்பியருக்கு அந்தச் சொல்லுக்குள் மயிர் இருப்பது தெரிந்திருக்கிறது. இன்றைக்கு பஸ் பிந்தினால் ஹொரிபிள் என்பவருக்குத் தெரியாது.

தொல்காப்பியர் அச்சம் பிறக்கும் இடம் நாலு என்கிறார்: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. முதலில் நிற்பது அணங்கு, தெய்வம். விலங்கும் கள்வரும் பிறகுதான். கண்ணகை அம்மனை அணங்கு என்று சொல்லாமல் வேறு யாரைச் சொல்வது? மதுரையை எரித்துவிட்டுச் சூடு ஆறாமல் வந்தவள். குளிர்த்தி என்று பெயர் வைத்ததே அந்தச் சூட்டைத் தணிக்கத்தான். கதவு திறக்கும்போது எங்கட பெண்டுகள் சந்தோஷத்தில் மட்டுமா நிற்கிறார்கள்? பயமும் இருக்கிறது. பயமில்லாவிட்டால் குளிர்த்தி எதற்கு?

புளியந்தீவான்

வடமோடித் தம்பி அணங்கு என்றதும் நான் எழும்பிப் போய்ப் பழைய புத்தகத்தைத் தூசு தட்டினேன்.

வெர்ஜிலின் அந்த மற்றக் காவியமான ஈனெயிட்டில் ஆறாவது பாகத் தொடக்கம். கதாநாயகன் ஈனெயாஸ் குமாய் என்ற இடத்துக் குகைக்குப் போகிறான். அங்கே சிபில் என்ற பெண் இருக்கிறாள். அப்பொல்லோ தெய்வம் அவள்மேல் ஏறும். ஏறும்போது முகம் மாறுகிறது, நிறம் மாறுகிறது, கட்டின கூந்தல் கலைகிறது, நெஞ்சு விம்முகிறது, மனிதக் குரல் போய்விடுகிறது. பிறகு வரப்போவதைச் சொல்கிறாள். நம்மட கோயில்களில் உருவேறிக் கட்டுச் சொல்வதைப் பார்த்த ஒருவருக்கு இதற்குப் பதவுரையே வேண்டாம்.

அவள் அறிமுகமாகும் அந்த அடியில் வெர்ஜில் அவளுக்குப் போடும் அடைமொழி எது தெரியுமா? 'ஹொர்ரெந்தே'. ஹொர்ரெந்துஸின் பெண்பாலுக்கு வேற்றுமை உருபு ஏற்றியது, 'ஹொர்ரெந்தா ஆனவளுடைய'. அவள் படுமோசமானவள் என்று அர்த்தமில்லை. அவள் முன்னால் நின்றால் மெய் சிலிர்க்கத்தக்கவள். அவளிடம்தான் அவன் வழி கேட்டுக் கும்பிடுகிறான். அவள் சொல்லும் வாக்குக்கும் ஏறக்குறைய தொண்ணூறு அடி தாண்டி அதே சொல்தான்.

டீச்சர், உங்கள் மாணவன் எழுதியது ஆங்கிலத்துக்குப் பிழை. வெர்ஜிலின் லத்தீனுக்கு முழுக்கச் சரி.

பழைய அப்போதிக்கரி

சரி, பரீட்சையில் அந்த இடத்துக்கு என்ன சொல்லை எழுதச் சொல்வது? வெர்ஜில் வந்து பேப்பர் திருத்தப் போவதில்லை.

கல்லடிக்காத்து

ஓசம் எண்டு எழுதச் சொல்லுங்க. கனடாவுல இருந்து வாற மச்சான்மார் தோசைக்கும் அதத்தான் சொல்லுறாங்க.

புளியந்தீவான்

அந்தச் சொல்லும் பயபக்தியில் பிறந்துதான் தோசைக்கு வந்து சேர்ந்தது. வேண்டாம். மயிரை அப்படியே சொன்னால் ஒரு ஆங்கிலேயனும் பிழை பிடிக்கமாட்டான். பெயரடையைத் தேடி அலையாமல், கதவு திறந்த நேரம் உடம்புக்கு நடந்ததை எழுதச் சொல்லுங்கள்.

வாவிக்கரை டீச்சர்

இரண்டு நாள் பிந்தி வந்ததற்கு மன்னிக்கவும், தவணைப் பரீட்சை.

வகுப்பில் முப்பது நிமிடம் இதற்கே போய்விட்டது. முள்ளம்பன்றி, வேளாண்மை, குளிர்காய்ச்சல், கதவு திறத்தல், எல்லாம் சொன்னேன். மௌலவியிடமும் கேட்டுவிட்டேன், அந்த வசனத்தை ஒரு பிள்ளை அழகாக ஓதிக் காட்டினாள். ஹொரென்டஸை வெட்டிய சிவப்புக் கோட்டை நான் எடுக்கவில்லை, ஆங்கிலப் பாடத்தில் அது பிழைதான். ஆனால் ஓரத்தில் 'பொருள் சரி, பாஷை வேறு' என்று எழுதிக் கையொப்பம் வைத்துக் கொடுத்தேன். அதைத் தகப்பனுக்குக் காட்டினானாம்.

புளியந்தீவு ஐயா சொன்னபடி கடைசி வரியைத் திருப்பி எழுதச் சொன்னேன். கதவு திறந்தபோது என் கையில் இருந்த மயிரெல்லாம் எழும்பி நின்றது, அம்மம்மா அழுதா என்று எழுதியிருக்கிறான். இலக்கணம் சரி, காலம் சரி. ஹெயார் என்ற சொல்லுக்கு மட்டும் எழுத்து மாறிப் போய்விட்டது. வாசித்தால், கோயில் கதவு திறந்ததும் அவன் கையில் இருந்த முயல்களெல்லாம் எழும்பி நின்றன.

அரை மார்க்ஸ் குறைத்தேன்.